ஒரு காம்பராவில் எத்தனை அடுப்பு? லயங்களில் உலர் உணவும் பிள்ளைச் சாப்பாடும் பங்கிடும் முறை

உலர் உணவுப் பொதியோடு இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை குடும்பம்?" என்றுதான். கணக்கு பிழைக்கத் தொடங்குவதும் அங்கேதான். ஒரு லயக்காம்பராவில் (வரிசை வீட்டின் ஓர் அறையில்) தாய் தகப்பன் ஓர் அடுப்பிலும், கலியாணம் முடித்த மகன் இஸ்தோப்பை (முன் திண்ணையை) அடைத்துப் போட்ட இன்னோர் அடுப்பிலும் சமைப்பார்கள். தோட்டக் கந்தோரின் (அலுவலகத்தின்) கணக்கில் அது ஒரு வீடு. ஒரே பொதி வந்தால் இரண்டு அடுப்புக்கும் நடுவே சண்டை வரும். பொதி கொடுத்தவர் அதற்குள் ஹட்டன் டவுனைத் தாண்டியிருப்பார்.

மண்சரிவுக்குப் பிறகு, பாதை துண்டிக்கப்பட்டபோது, வேலை நின்ற மாதங்களில், கலவரத்துக்குப் பயந்து சனம் ஓரிடத்தில் கூடியிருக்கும்போது என எதற்கும் இந்த முறை பொருந்தும். அளவுகள் பெரும்பாலும் அனர்த்த, போர்க்கால, அகதி முகாம் நிலைமைகளுக்காக வகுக்கப்பட்டவை. மலைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டியவற்றை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

பட்டியலை லயத்தில் எழுதுங்கள்

தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், இருப்பது வேலைக்குப் பேர் பதிந்தவர்களின் பெயர்கள் மட்டும். பென்சன் எடுத்த கிழவர், கொழும்பில் கடையில் நிற்கும் மகன் விட்டுப்போன மருமகளும் பேரனும், வெளியே கூலிக்குப் போகிறவர்கள் ஆகியோர் அதில் இருக்க மாட்டார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பின் வன்னிக்குப் போய், போர் முடிந்து உறவுக்காரர் காம்பராவில் ஒண்டிக்கொண்ட குடும்பம் இருந்தால் அதுவும் இருக்காது. கிராம உத்தியோகத்தரின் பட்டியலில் வேறொரு ஓட்டை: லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி விலாசம் கிடையாது, கடிதமெல்லாம் தோட்டக் கந்தோருக்கே போகும். ஆகவே இரண்டு பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு லயத்துக்கு நடங்கள். எதையும் அப்படியே நம்ப வேண்டாம்.

ஒவ்வொரு காம்பரா வாசலிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அக்கா, நேத்து ராத்திரி இந்த அடுப்புல எத்தன பேருக்குச் சோறு வடிச்சீங்க?" வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் கொழும்பில் இருக்கிற பிள்ளையும் கணக்கில் வந்துவிடும். அடுப்பைக் கேட்டால் உண்மை வரும். ஓர் அடுப்பு, ஓர் அட்டை. அட்டையில் லய இலக்கம், காம்பரா இலக்கம், அடுப்பு (அ, ஆ), சாப்பிடுகிறவர் எண்ணிக்கை, 6 மாதத்துக்குக் குறைந்த பிள்ளை, 6 மாதம் முதல் 5 வயது வரையான பிள்ளை, கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், படுக்கையில் இருப்பவர் என்று எழுதினால் போதும். அடையாள அட்டை இல்லை என்பதற்காக எவரையும் விடாதீர்கள். பக்கத்துக் காம்பராக்காரர் இருவர் சாட்சி சொல்லட்டும்.

அட்டையைப் பெண்ணின் பெயரில் போடுங்கள். காரணத்தை விளக்கத் தேவையில்லை. தோட்டத்தில் சம்பள நாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சங்கத் தலைவரைக் கேட்காமல் தோட்டத்துக்குள் ஒரு காரியமும் ஓடாது, அவரை மட்டும் கேட்டாலும் ஓடாது. தோட்டத்தின் ஒரே டிவிசனில் (பிரிவில்) இரண்டு மூன்று தொழிற்சங்கங்கள் இருக்கும். எல்லாத் தலைவர்களையும் மாதர் சங்கத்துப் பெண் ஒருவரையும் ஒன்றாக உட்கார வைத்து, பட்டியலை உரக்க வாசியுங்கள். பிறகு கோயில் சுவரிலோ காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்திலோ இரண்டு நாள் ஒட்டி வையுங்கள். விடுபட்டவர்கள் தாமாக வந்து நிற்பார்கள். ஒட்டும் தாளில் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் இருக்கட்டும், நோய் விவரமும் கர்ப்ப விவரமும் வேண்டாம். பொதியில் எந்தச் சங்கத்தின் நிறமும் கொடியும் படமும் இருக்கக் கூடாது. மண்சரிவு தோட்டத்தோடு பக்கத்துச் சிங்களக் கிராமத்தையும் அடித்திருந்தால் அங்கேயும் அதே நாளில் அதே அளவு போக வேண்டும், அறிவித்தலும் இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும். ஒரு லொறி ஒரு பக்கம் மட்டும் திரும்பினால் அந்தக் கசப்பு பொதி தீர்ந்த பிறகும் தீராது.

பொதிக்குள் என்ன, எவ்வளவு

வேறு வருமானமே இல்லாத நிலையில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 2100 கலோரி என்பது, நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் 'ஸ்பியர்' கைநூலின் அளவு. அதில் 10 முதல் 12 வீதம் புரதத்திலிருந்தும் 17 வீதம் கொழுப்பிலிருந்தும் வர வேண்டும். இங்கே கிடைக்கும் சாமானில் அதை இப்படிக் கட்டலாம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி 250 கிராம், கோதுமை மா 150, மைசூர் பருப்பு 60, சோயா மீட் 25, நெத்தலிக் கருவாடு 15, தேங்காய் எண்ணெய் 30, சீனி 15, அயடின் உப்பு 5. இது ஏறக்குறைய 2080 கலோரி. நாலு பேர் அடுப்புக்குக் கிழமைக்கு இரண்டு தேங்காய் சேர்த்தால் 2100ஐத் தாண்டும், கொழுப்பும் 17 வீதத்தைத் தொடும். ரொட்டிக்கும் சம்பலுக்கும் தேங்காய் இல்லாவிட்டால் மாவைக் கொடுத்தும் பயன் குறைவு.

நாலு பேர், ஏழு நாள் என்றால்: அரிசி 7 கிலோ, மா 4.2 கிலோ, பருப்பு 1.7 கிலோ, 90 கிராம் சோயா மீட் 8 பைக்கட், நெத்தலி 420 கிராம், எண்ணெய் 900 மில்லிலீற்றர், சீனி 420 கிராம், உப்பு ஒரு பைக்கட் (அது இரண்டு கிழமைக்கு மேலும் வரும்). தேங்காயோடு 16, 17 கிலோ வரும். இரண்டு கிழமைக்கு ஒரே தடவையில் கொடுத்தால் 30 கிலோவைத் தாண்டும். லொறி நிற்கும் இடத்திலிருந்து மேல் லயத்துக்கு ஒற்றையடிப் பாதையில் ஏறுகிறவள், நாள் முழுக்கக் கூடை சுமந்த பெண். அவள் பொதியைப் பிரித்துப் பாதியைக் கீழே யாரிடமாவது விட்டுவிட்டு ஏறுவாள், அந்தப் பாதி குறைந்து வரும். பாதை நன்றாக இருந்தாலும் ஏழு நாள் பொதியே நல்லது. லொறி மறுபடி வராது என்று தெரிந்தால், 14 நாளுக்கானதை இரண்டு மூட்டையாகக் கட்டிக் கொடுங்கள்.

நாலு பேருக்கு என்று ஒரே அளவில் கட்டிவிட்டு ஏழு பேர் அடுப்புக்கும் அதையே கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அடிப்படைப் பொதியை இரண்டு பேருக்கானதாகக் கட்டுங்கள். நாலு பேருக்கு இரண்டு, ஐந்து அல்லது ஆறு பேருக்கு மூன்று. ஒற்றைப்படை வந்தால் மேலே கூட்டுங்கள், கீழே குறைக்காதீர்கள்.

கொண்டைக் கடலை, கௌபி, முழுப்பயறு நல்ல சாமான்தான். ஆனால் மேட்டுத் தோட்டங்களுக்கு அனுப்பும்முன் யோசிக்க வேண்டும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். கடலை வேக மணிக்கணக்காகும், மழைக்காலத்து ஈர விறகில் இன்னும் கூடும். வேகாத கடலை பிள்ளைக்கு வயிற்றுவலி. அதனால்தான் உடைத்த மைசூர் பருப்பு. கடலையே நன்கொடையாக வந்தால் முகாம் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், முதல்நாள் இரவே ஊறப்போட்டு விடலாம்.

நூடில்ஸும் கிரீம் பிஸ்கட்டும் நகரத்து வள்ளல்களுக்குப் பிடித்த சாமான். முதல் நாள் பயணத்துக்கு உதவும், அதற்கு மேல் பொதியில் இடம் அடைக்கும்.

கடை திறந்திருந்து, பாதையும் ஓடினால், காசு அல்லது கடைத் துண்டு கொடுப்பது பெரும்பாலும் நல்ல வழி. ஆனால் தோட்டத்துக் கடையில் பழைய கடன் இருக்கும். துண்டை நீட்டியதும் முதலாளி கொப்பியைத் திறந்து கடனில் கழித்துவிட்டால் அடுப்பு எரியாது. துண்டுக்குச் சாமான் மட்டும்தான், கடனில் கழிப்பதில்லை என்று எழுத்தில் வாங்கி, அதைக் கடை வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். அல்லது இரண்டு கடைகளைச் சேருங்கள்.

சாமானை வைக்கும் இடம்

தோட்டத்து ஸ்டோரைத் தருவதாகச் சொன்னால் உள்ளே போய் மணந்து பாருங்கள். உரமும் களைநாசினியும் வைத்த அறையில் மா மூட்டை அடுக்கக் கூடாது. ஒரு மூலை காலியாக இருந்தாலும் கூடாது. கொழுந்து மடுவம் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை), வாசிகசாலை, பள்ளிக்கூட மண்டபம் என்று வேறிடம் தேடுங்கள். தரையிலிருந்து 10 சென்ரிமீற்றராவது உயர்த்திப் பலகை போட்டு, சுவரிலிருந்து ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் தள்ளி அடுக்குங்கள். மலையில் மிஸ்ற் (பனிமூட்டம்) அடிக்கும் மாதங்களில் சுவர் வேர்க்கும், சுவரோடு ஒட்டிய மூட்டைதான் முதலில் பூக்கும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும்.

பங்கிடும் நாள்

வேலை நாளில் காலையில் கூப்பிடாதீர்கள். பொதிக்காக வரிசையில் நின்றவளுக்கு அன்றைய பேர் (நாட்சம்பளம்) போனால், பொதியின் விலையில் ஒரு பங்கை அவளிடமே பிடுங்கிய மாதிரி. ஞாயிறு அல்லது போயா (பௌர்ணமி விடுமுறை) நாள், முன்நேரம், மழை இறங்குமுன். லயம் லயமாக நேரம் குறித்துச் சொன்னால் ஒரே நேரத்தில் எல்லோரும் வந்து முட்ட மாட்டார்கள். கர்ப்பிணி, கைப்பிள்ளைக்காரி, வயதானவர்களுக்குத் தனி வரிசை. படுக்கையில் இருப்பவரின் பொதியை யார் கொண்டுபோவது என்று முன்கூட்டியே அட்டையில் எழுதி வையுங்கள்.

தராசு பற்றி ஒரு சொல். கொழுந்து நிறுக்கும்போது கிலோ வெட்டுகிறார்கள் என்ற மனத்தாங்கல் இந்த மக்களுக்குத் தலைமுறையாக உண்டு. அதே மடுவத்தில், அதே தராசில், அதே ஆளை வைத்து அரிசி நிறுத்தால், சரியாக நிறுத்தாலும் நம்ப மாட்டார்கள். வேறு தராசு கொண்டு வாருங்கள். ஒரு கிலோ சீனிப் பைக்கட்டை எல்லார் முன்னிலும் வைத்துக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். பொதியில் என்னென்ன, எவ்வளவு என்று பெரிய எழுத்தில் ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு மாதிரிப் பொதியைப் பிரித்துப் பரப்பி வையுங்கள். பரப்பி வைத்த பொதி பத்துச் சந்தேகத்தைத் தீர்க்கும்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை

குடும்பப் பொதி பெரியவர்களின் பசியை ஆற்றும். மெலிந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அது போதாது. அதை வேறாகப் பார்க்க வேண்டும்.

பொதி வாங்க வரும் நாளிலேயே 6 மாதம் முதல் 5 வயது வரையான பிள்ளைகளின் மேற்கைச் சுற்றளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறமிட்ட நாடாவால் அளக்கலாம். சுவெட்டரைக் கழற்றுங்கள். குளிருக்குப் பயந்து துணிக்கு மேலேயே அளப்பது மலையில் நடக்கும் முதற்பிழை, அரை சென்ரிமீற்றர் கூடினாலே சிவப்பு மஞ்சளாகிவிடும். தாயின் மடியில் பிள்ளையை இருத்துங்கள். இடது முழங்கையை மடக்கி, தோள்மூட்டு நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுப்புள்ளியைப் பேனாவால் குறியுங்கள். பிறகு கையை நீட்டித் தளரத் தொங்கவிட்டு, அந்தக் குறியில் நாடாவைச் சுற்றுங்கள். தோல் நசியக் கூடாது, நாடாவுக்கும் தோலுக்கும் நடுவே வெளிச்சமும் தெரியக் கூடாது. மில்லிமீற்றர் வரை வாசித்து உடனே எழுதுங்கள். பிள்ளை அழுது கையை இறுக்கினால் விட்டுவிட்டுச் சற்றுக் கழித்து அளக்கலாம்.

11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே சிவப்பு, கடுமையான மெலிவு. 11.5 முதல் 12.5க்குக் கீழே வரை மஞ்சள். அதற்கு மேல் பச்சை. அளந்த கையோடு இரு பாதங்களின் மேலும் பெருவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி நின்றால், நாடா என்ன காட்டினாலும் அந்தப் பிள்ளை சிவப்பு. முகம் உப்பி, கொழுகொழுவென்று இருக்கிற அந்தப் பிள்ளையைத்தான் பார்ப்பவர்கள் "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள்.

சிவப்புப் பிள்ளையை அன்றே மிட்வைஃபிடம், அதாவது குடும்பநல உத்தியோகத்தரிடம், பேர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். காய்ச்சல், விடாத வாந்தி, வயிற்றோட்டம், சாப்பாட்டை மறுத்தல், சோர்ந்து கிடத்தல், பாத வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. நேரே ஆஸ்பத்திரிதான். வாகனச் செலவும் தாய்க்குப் போகும் நாட்கூலியும் கையில் இல்லாமல் "கூட்டிப் போங்க" என்று சொல்வது வெறும் வாய்ச்சொல். அந்தக் காசை வரவுசெலவில் முதலே ஒதுக்குங்கள். ஆஸ்பத்திரி தரும் 92 கிராம் நிலக்கடலைப் பசைப் பைக்கட் ஒன்றில் 500 கலோரி இருக்கிறது. அது அந்தப் பிள்ளைக்கான மருந்து. அண்ணனுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி என்று போனால் குணமாகாது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாடா மெலிவைத்தான் காட்டும், குள்ளத்தைக் காட்டாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வில் நாடு முழுக்க 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டத்துறையில் அது 32 வீதம். பச்சை காட்டிய பிள்ளையும் அந்த 32இல் ஒன்றாக இருக்கலாம். வளர்ச்சிப் பதிவேட்டின் கோட்டைப் பார்க்காமல் "பச்சை, போகலாம்" என்று அனுப்பாதீர்கள்.

திரிபோஷா என்ற சத்துமா மிட்வைஃப் ஊடாக வரும் சாமான். நீங்கள் வாங்கி நிரப்ப முடியாது, வருகிறதா என்று கேட்டுத் தொடர முடியும். 750 கிராம் பைக்கட் ஒன்று 15 நாளுக்கு. அதாவது நாளுக்கு 50 கிராம், மாதத்துக்கு இரண்டு பைக்கட். நடைமுறையில் அது நாலாம் நாளே முடிந்துபோகும். வீட்டில் வேறு ஒன்றும் இல்லாதபோது தாய் ஒரு பிள்ளைக்கு மட்டும் ஊட்டி மற்றதை எப்படிப் பார்க்க வைப்பாள்? அதற்குத் தாயைத் திட்டிப் பயனில்லை. குடும்பப் பொதியும் அதே கிழமையில் போய்ச் சேர்ந்தால்தான் திரிபோஷா உரிய பிள்ளையின் வாய்க்குப் போகும். வீட்டிலேயே ஒரு கப்பில் 50 கிராமை நிறுத்துப் போட்டு, அந்த மட்டத்தில் கோடு போட்டுக் கொடுங்கள். கரண்டிக் கணக்கை விட அது நிற்கும்.

சின்னப் பிள்ளையின் சோறு எப்படி இருக்க வேண்டும்? பெரியவர்களுக்கான பருப்பில் மிளகாய்த்தூள் போடுமுன் பிள்ளையின் பங்கை எடுத்துவிட வேண்டும். சோறு, பருப்பு, கிடைத்தால் வறுத்துப் பொடித்த நெத்தலி, ஒரு தேக்கரண்டி எண்ணெய். எல்லாவற்றையும் மசித்து, கரண்டியைச் சரித்தால் வழிந்து ஓடாத பதத்தில் கொடுங்கள். தண்ணிக் கஞ்சி பிள்ளையின் சின்ன வயிற்றை நிரப்பிவிடும், சத்து இராது. 6 முதல் 8 மாதம் வரை இரண்டு மூன்று வேளை, இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி அரைக் கப் வரை. 9 முதல் 11 மாதத்தில் மூன்று நாலு வேளை அரைக் கப். ஒரு வயதுக்கு மேல் முக்கால் கப்பிலிருந்து ஒரு கப். தாய் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தால் இந்த வேளைகள் பிள்ளைக் காம்பரா (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகம்) ஆயாவின் கையில்தான். அவருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சாப்பாட்டோடு சாயத் தண்ணி (வெறும் தேநீர்) வேண்டாம், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்தைத் தேயிலையின் துவர்ப்புப் பிடித்துக்கொள்ளும். தேயிலை பறிக்கிற வீட்டில் இதைச் சொல்வது சங்கடம்தான். கர்ப்பிணிக்காவது சொல்லிவிடுங்கள்.

பால்மா

பொதியில் பால்மாவும் போத்தலும் சூப்பியும் வைக்காதீர்கள். அனர்த்தத்தில் தாய்ப்பால் வற்றிவிடும் என்பது தோட்டத்தில் வலுவான நம்பிக்கை. பயத்தில் பால் இறங்கச் சற்றுத் தாமதிக்கலாம், பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத் திரும்ப வரும். தாய்க்கு வேண்டியது நாளுக்கு 500 கலோரியளவு கூடுதல் சாப்பாடு, நிறையத் தண்ணீர், முகாமில் திரை போட்ட ஒரு மூலை. ஆற்றுத் தண்ணீரில் கலக்கிய பால்மாவும் கழுவாத போத்தலும் சேர்ந்தால் வயிற்றோட்டம் நிச்சயம். தாயை இழந்த கைக்குழந்தை இருந்தால் அதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை தனியாகக் கவனிக்கும். நன்கொடையாக வந்த பால்மாவைத் திருப்பி அனுப்ப முடியாவிட்டால், முகாம் சமையலில் பெரிய பிள்ளைகளின் கஞ்சியில் போட்டுக் கொதிக்க வைத்துத் தீருங்கள்.

முகாம் அடுப்பு

பள்ளிக்கூடத்திலோ கோயிலிலோ தங்கியிருக்கும் முதல் சில நாட்களுக்குச் சமைத்த சாப்பாடுதான் வழி, பாத்திரமும் விறகும் இல்லாதவர்களுக்கு உலர் உணவால் பயனில்லை. நூறு பேர் ஒரு வேளைக்கு அரிசி 13 கிலோ, பருப்பு 3 கிலோ, எண்ணெய் 1 லீற்றர். சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் பரிமாறி முடிக்க வேண்டும். இரவு மிஞ்சிய சோற்றைக் காலைக்கு வைக்காதீர்கள். சமையலுக்கு முகாம் பெண்களையே மாற்றி மாற்றிக் கேளுங்கள், ஆனால் சம்பளம் கொடுங்கள்.

கொடுத்த பிறகு

ஐந்தாம் நாள், சொல்லாமல் ஒரு பத்து அடுப்புக்குப் போய்ப் பாருங்கள். என்ன மிச்சம், எது விற்கப்பட்டது, பிள்ளை எத்தனை வேளை தின்றது என்று கேளுங்கள். சோயா மீட் அப்படியே இருந்து பருப்பு தீர்ந்திருந்தால், அடுத்த பொதியில் அளவை மாற்றலாம். மா விற்கப்பட்டிருந்தால் கோபப்படுமுன் மண்ணெண்ணெய்க்கா, மருந்துக்கா, பள்ளிக் கொப்பிக்கா என்று விசாரியுங்கள். மஞ்சள் பிள்ளைகளை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை மறுபடி அளந்து, அந்தக் கொப்பியின் ஒரு பிரதியை மிட்வைஃபிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் போன பிறகும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர் அவர்தான்.

கடைசிப் பங்கீடு எது என்பதை அதற்கு முந்திய தடவையிலேயே அறிவித்துவிடுங்கள். ஸ்டோரில் மிஞ்சியதில் கட்டி தட்டிய மா, பூஞ்சை மணக்கும் திரிபோஷா, கறுத்த சோளம் எதுவாக இருந்தாலும் "மாட்டுக்காவது போடலாமே" என்று யாராவது வந்து கேட்பார்கள். கொடுக்காதீர்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு மாட்டுப்பாலில் இறங்கும். அந்தப் பால் போவது அதே லயத்துப் பிள்ளைகளுக்குத்தான். ஆற்றோரம் விட்டுத் தள்ளி ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்து, எத்தனை கிலோ என்று கொப்பியில் எழுதி, இரண்டு தலைவர்களின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.